வீடு சுமக்கும் பாரம்

காணி உறுதிகளிலே வீட்டை ‘அசையாத ஆதனம்’ என்று எழுதுவது வழக்கம். சட்டத்துக்கு அது போதும். ஆயின் வீட்டினுள்ளே ஒரு கணமேனும் ஓய்வின்றி ஒன்று ஓடிக்கொண்டிருக்கின்றது. ஓட்டின் பாரம் சிலாகைக்கும், சிலாகையின் பாரம் கைமரத்துக்கும், கைமரத்தின் பாரம் சுவருக்கும், சுவரின் பாரம் அத்திவாரத்துக்கும், அங்கிருந்து நிலத்துக்கும் இறங்கிய வண்ணமே இருக்கின்றது. நிலமும் வாளா இருப்பதில்லை. வந்த பாரத்துக்குச் சமமாக எதிர்த்து மேலே தள்ளுகின்றது. இந்த வரவும் செலவும் ஒத்திருக்கும்வரை நாம் கீழே பாய் விரித்து நிம்மதியாக நித்திரை செய்கிறோம்.

கட்டுமானங்களைப் பொறியியலார் மூன்று இனமாகப் பிரிப்பர். தன் பாரத்தாலேயே நிலைத்து நிற்பது திண்மக் கட்டு. குளக்கட்டு இவ்வினத்தது. அநுராதபுரத்து ஜேதவனாராமத் தாதுகோபமும் அவ்வாறே. மகாசேன மன்னன் எழுப்பத் தொடங்கிய அது ஆதியில் 122 மீற்றர் வரை உயர்ந்திருந்தது. இன்று ஏறக்குறைய 71 மீற்றர் நிற்கின்றது. அதனுள்ளே 9 கோடிக்கு மேற்பட்ட செங்கற்கள் உண்டென்று கணக்கிட்டிருக்கின்றனர். கோல்களை இணைத்து ஆக்கியது சட்டகக் கட்டு. கூரை, கலியாணப் பந்தல், துவிச்சக்கர வண்டி, நமது எலும்புக்கூடு எல்லாம் இதனுள் அடங்கும். மூன்றாவது ஓட்டுக் கட்டு: முட்டை, சிரட்டை, மண்பானை. மெல்லிய ஓடு தன் வளைந்த வடிவத்தினாலேயே வலிமை பெறுகின்றது. முட்டையின் இரு முனைகளையும் உள்ளங்கைகளுக்கிடையே வைத்து அமுக்கிப் பாருங்கள், எளிதில் உடையாது. அதே ஓட்டை உள்ளிருக்கும் குஞ்சு தன் சின்னஞ்சிறு அலகினாலே உடைத்துக்கொண்டு வந்துவிடுகின்றது.

கட்டு எவ்வினத்ததாயினும் அதன்மேற் செயற்படும் விசைகள் சிலவே. உரலின் கீழுள்ள தரை அமுக்கப்படுகின்றது. வாளி தொங்கும் கிணற்றுக் கயிறு இழுபடுகின்றது. பிழியும் சீலை முறுக்கப்படுகின்றது. கத்தரிக்கோலின் இரு அலகுகளிடை அகப்பட்டது அறுபடுகின்றது. துலாவோ வளைகின்றது. வீட்டுக்காரர் பெரிதும் கவனிக்கவேண்டியது இந்த வளைவையே. ஏனெனில் அது தனி விசையன்று. அமுக்கமும் இழுவையும் ஒரே மரத்தினுள்ளே குடியிருக்கும் நிலை அது.

வாழைத்தண்டு ஒன்றை இரு கைகளாலும் பிடித்து நடுப்பகுதி கீழே தாழுமாறு வளைத்தால், மேற்புறம் நெருங்கிச் சுருங்கும். கீழ்ப்புறம் நீண்டு வெடிக்கும். நடுவிலுள்ள பகுதிக்கு அதிக வேலையில்லை. இதை நமது பனைமரம் எந்தப் பள்ளிக்கூடத்திற் படித்ததோ அறியோம். வைரத்தைப் புறத்தே வைத்து, மெதுவான சோற்றியை அகத்தே வைத்துக்கொண்டு, வாடைக்கும் கச்சானுக்கும் வளைந்து நிமிர்கின்றது. புறத்தே வைரமுடையதைப் புல்லென்றும் அகத்தே வைரமுடையதை மரமென்றும் தொல்காப்பியர் வகுத்தார். அவ்வகையிற் பனை புல்லினத்தைச் சேர்ந்தது. அந்தப் புல்லை நம்பியே யாழ்ப்பாணத்துக் கூரைகள் தலைமுறை தலைமுறையாக நின்றன.

ஓடாவிமார் கைமரத்தைப் படுக்கையாக வையாது நிமிர்த்தி வைப்பதற்கும் காரணம் இதுவே. மரத்தின் அகலத்தை இருமடங்காக்கினால் வலிமையும் இருமடங்காகும். உயரத்தை இருமடங்காக்கினாலோ வலிமை 4 மடங்கும், வளையாது நிற்கும் விறைப்பு 8 மடங்கும் ஆகும். அதே மரந்தான்; திருப்பி வைத்த கைக்குத்தான் அத்தனை இலாபம்.

கல்லும் செங்கல்லும் கொங்கிறீற்றும் அமுக்கத்தைப் பொறுக்கும், இழுவையைப் பொறா. ஆகையினாலே கொங்கிறீற்று வளையினுள், இழுபடும் பக்கத்திலே இரும்புக் கம்பியை வைக்கிறார்கள். இரு முனையும் தாங்கிய வளைக்கு அது கீழ்ப்பக்கம். யன்னலுக்கு மேலே வெயில் மறைப்பாக வெளியே நீண்டிருக்கும் தட்டுக்கோ மேற்பக்கமே இழுபடும். கம்பியும் மேலேதான் இருத்தல் வேண்டும். கொங்கிறீற்றுப் போடும் அவசரத்திலே அக்கம்பியை மிதித்துக் கீழே அமிழ்த்திவிட்டால், பார்வைக்குக் குறையொன்றும் தெரியாது. பலகையை எடுத்த பின்னரே தட்டு தன் குணத்தைக் காட்டும். வீடு கட்டுவோர் வேறெந்த நாளிலே நிழலில் இருந்தாலும், அந்த நாளில் அருகே நின்று பார்த்தல் நன்று.

கல்லை இழுவையினின்று தப்புவிக்க வேறொரு வழியுமுண்டு; அது வில்வளைவு. தெமோதரையிலே 1921ஆம் ஆண்டு கட்டிமுடித்த ஒன்பது வளைவுப் பாலம் கல்லும் செங்கல்லும் சீமெந்துமே கொண்டு புகைவண்டியைத் தாங்குகின்றது. வளைவிலுள்ள கற்கள் ஒன்றையொன்று நெருக்கிப் பாரத்தை இருபுறமும் கடத்திவிடுகின்றன. பேராதனையில் மகாவலிக்கு மேலே 1833இல் முதிரை மரத்தினாலேயே 205 அடி நீள ஒற்றை வளைவுப் பாலம் அமைத்தனர். 1905 வரை அது நின்றது. அவ்வளவு தூரம் போவானேன்? கிணற்றினுட் கட்டிய வட்டச் சுவரும் படுக்கவைத்த வில்வளைவே. சுற்றியுள்ள மண் உள்நோக்கித் தள்ளத் தள்ள, கற்கள் இறுகிக்கொள்கின்றன.

இவற்றையெல்லாம் சற்று ஆழ்ந்து சிந்திக்கும் தேவை எமது வீட்டிலேயே வந்தது. மகனும் மருமகளும் ஹோலையும் நடு அறையையும் ஒன்றாக்க விரும்பினர். அது எமது தகப்பனார் காலத்து வீடு. காற்றோட்டம் குறைவென்பது உண்மையே. மேசன் வந்து நடுச்சுவரைத் தட்டிப் பார்த்து, “இரண்டு நாள் வேலை ஐயா” என்றார். கதவு திருத்த வந்திருந்த முதிய ஓடாவியார் மட்டும் மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டு மகனிடம் கேட்டார்:

“தம்பி, இடிக்கிறது கிடக்கட்டும். தீராந்தி எதிலை இருக்குதெண்டு பாத்தனீரோ?”

பரணைத் தாங்கும் தீராந்திகள் இரு புறச்சுவர்களிலும் நடுச்சுவரிலுமாக மூன்று இடங்களில் ஊன்றியிருந்தன. நடுச்சுவர் போனால் தாங்கலின்றிக் கிடக்கும் நீளம் இருமடங்காகும். நீளம் இருமடங்கானால், பரவிக் கிடக்கும் பாரம் மரத்தை வளைக்க முயலும் வேகமோ 4 மடங்காகும். பரணிலோ அண்டாவும் குத்துவிளக்கும் மூன்று தலைமுறைப் பெட்டகமும் இருந்தன. அதன் கீழேதான் பேரப்பிள்ளைகள் விளையாடுவார்கள்.

கட்டடப் பொறியியல் கற்ற எமது பெறாமகன் வந்து பார்த்தான். தீராந்திகளின் கீழே முதலில் முட்டுக்கொடுத்து, அதன் பின்னரே சுவரை வெட்டி, இடையிலே கொங்கிறீற்று வளை வைத்து, 28 நாட்கள் செல்லும்வரை முட்டை எடாதிருக்கும்படி சொன்னான். அத்துடன் சுவர் முழுவதையும் எடுக்கலாகாது, இரு முனைகளிலும் மும்மூன்று அடி விடவேண்டும் என்றான். மருமகளுக்கு முகம் வாடிவிட்டது. “பாரத்தைத்தான் வளை தாங்குமே மச்சான், பிறகு அந்தத் துண்டுகள் எதற்கு?” என்று கேட்டாள்.

நல்ல கேள்விதான். பாரம் கீழ்நோக்கி மட்டுமே வரும் என்ற எண்ணம் எல்லோர்க்கும் உண்டு. காற்று அந்த ஒழுங்குக்கு அடங்காது. நீண்ட புறச்சுவரைக் காற்றுப் பக்கவாட்டிலே தள்ளும்போது, அதற்குக் குறுக்கே நிற்கும் உட்சுவரே முதுகு கொடுக்கின்றது. கூரையின் மேலாக விரையும் காற்றோ ஓட்டை மேல்நோக்கி இழுக்கும். உடைந்த யன்னலாற் புகுந்தது உள்ளிருந்து தள்ளும். 1978 நவம்பர் 23ஆந் திகதி மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியபோது தென்னந்தோப்புகள் சாய்ந்தன; வீடுகளின் கூரைகள் பறந்தன. பாரத்தைச் சுமக்கவென்று கட்டிய சுவர்மேல் வெறுமனே அமர்ந்திருக்கும் கூரையைப் பிடித்துவைக்க அந்த வேளையிலே எதுவுமில்லை. ஓடாவியாரின் தங்கை அக்காலத்திலே கல்லாற்றில் வாழ்க்கைப்பட்டிருந்தாராம். அதனை அவர் விரித்துச் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

சுவர் வேலையோடு கூரை வேலையும் சேர்ந்துகொண்டது. கைமரங்களைச் சுவரின்மேற் கிடக்கும் மரத்தோடும், அம்மரத்தைச் சுவரோடும் இரும்புப் பட்டையினாலும் நீண்ட ஆணியினாலும் பிணைத்தோம். செலவு எண்ணியதற்கு மேலாயிற்று. முட்டுகளை எடுத்த அன்று ஓடாவியார் தீராந்தியின் கீழே நூல் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் வெற்றிலைத் தட்டத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மருமகளுக்கு அந்த இரண்டு துண்டுச் சுவர்களும் இன்னும் பிடிக்கவில்லை. ஒன்றின் அருகே தையல் இயந்திரத்தை வைத்திருக்கிறாள். மற்றதிலே நாட்காட்டி தொங்குகின்றது.