ராயபுரத்திலிருந்து ஹட்டன் வரை

"வாத்தியாரய்யா, நான் பொறந்த ஊருக்குப் போறதுக்கு எனக்கு எதுக்குங்க பாஸ்போர்ட்டு?"

இந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. கேட்டவர் ராயபுரத்தில் எங்கள் வீதிக் கோடியில் குடியிருக்கும் ஓர் அம்மாள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையும், பிசிறு வெட்டும் வேலையும் செய்து இரண்டு பெண்களை ஆளாக்கியவர். பிறந்தது இலங்கையில், ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். 1976-ஆம் ஆண்டில் பெற்றோருடன் ராமேசுவரத்தில் கப்பலிலிருந்து இறங்கியபோது அவருக்கு வயது பன்னிரண்டு. அவருடைய தமக்கையோ இலங்கைப் பிரஜா உரிமை கிடைத்த குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தபடியால் அங்கேயே தங்கிவிட்டார். அக்காளும் தங்கையும் வாரந்தோறும் கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். ஆனால் நேரில் பார்த்து நாற்பத்தொன்பது வருஷமாகிவிட்டது. அக்காளுக்கு முழங்கால் வலி. இனி அவரால் கடல் கடக்க இயலாது. போவதானால் தங்கைதான் போகவேண்டும்.

2025-ஆம் வருஷக் கோடை விடுமுறையில் நான் இலங்கைக்குப் பிரயாணமானேன். வழியைப் பார்த்துவந்து சொல்லும்படி அந்த அம்மாள் என்னைக் கேட்டுக்கொண்டார். அவருக்குச் சொன்னவற்றையே இங்கே எழுதுகிறேன். முதன் முதலாகக் கடல் கடக்கும் அன்பர்கள் எல்லோருக்கும் இது பயன்படக்கூடும்.

அந்நாள்

நம் பாட்டனார் காலத்தில் இலங்கை அவ்வளவு தூரமான தேசமாக இருக்கவில்லை. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் "போட் மெயில்" பிரசித்தியடைந்தது. சென்னையில் டிக்கெட் வாங்கி ரெயிலேறினால், தனுஷ்கோடியில் கப்பல், தலைமன்னாரில் மறுபடியும் ரெயில், அப்புறம் கொழும்பு. எல்லாவற்றுக்கும் அந்த ஒரே டிக்கெட் போதும். அதற்கும் முன்னால், 1906-இல், வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்து, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டு வெள்ளையர் கம்பெனியுடன் போட்டியிட்டார். 1927 நவம்பரில் காந்தியடிகள் இலங்கை முழுவதும் சுற்றி, யாழ்ப்பாணம் வரை சென்று, கதர் நிதி திரட்டினார். அக்காலத்தில் தமிழ்நாட்டுக் கதர்த் தொழிலுக்குத் திருப்பூர் பெரிய மையமாக விளங்கியதை நினைத்தால், அந்த யாத்திரையில் நம்மூருக்கும் ஒரு பங்கு உண்டென்று சொல்லலாம்.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன் பிறகு ராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980-களில் நின்றுபோயிற்று. இடையில் நிகழ்ந்தவை சாதாரண விஷயங்கள் அல்ல. 1948-இல் இயற்றப்பட்ட சட்டத்தினால் மலைநாட்டுத் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் பிரஜா உரிமையற்றவர்களானார்கள். 1964 அக்டோபரில் லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை உரிமை அளிப்பதென்றும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவதென்றும் தீர்மானமாயிற்று. 1974-இல் அந்த மீதியையும் பாதிக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். கணக்குப் புத்தகத்தில் வகுத்தல் எளிது. ஒரே லயத்தில் வளர்ந்த அக்காளும் தங்கையும் வேறு வேறு பக்கத்தில் விழுந்ததும் அந்தக் கணக்கில் ஒரு வரிதான்.

புறப்படுமுன்

முதல் காரியம் பாஸ்போர்ட்டு. திருப்பூர்க்காரர்களுக்குக் கோயமுத்தூர் அலுவலகம். இணையத்தில் மனுவைப் பதிந்து, நாள் குறித்துக்கொண்டு, அசல் பத்திரங்களுடன் செல்லவேண்டும். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குக் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு தள்ளுபடி உண்டு. ஆதார் அட்டையில் ஒரு பெயர், ரேஷன் அட்டையில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர் என்றிருந்தால் முதலில் அதைச் சீர்செய்யுங்கள். பாதி மனுக்கள் தடைப்படுவது இன்ஷியலிலேதான்! இலங்கையிலிருந்து வந்த குடும்பத்தினர் பெற்றோரின் பழைய இந்தியப் பாஸ்போர்ட்டையும், தாயகம் திரும்பியோருக்கு அந்நாளில் அளித்த குடும்ப அட்டையையும் பத்திரமாக வைத்திருந்தால் அவற்றையும் எடுத்துச் செல்வது நலம். பரணில் கறையான் அரிக்கக் கிடக்கும் காகிதம் ஒன்று ஒரு மனுஷியின் பிறப்பு வரலாற்றையே காப்பாற்றக்கூடும்.

பாஸ்போர்ட்டு, பயண நாளுக்குப் பின் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். அடுத்தது இலங்கை அரசாங்கத்தின் நுழைவு அனுமதி. இதற்கும் இணையத்தில்தான் மனுச் செய்யவேண்டும். வழக்கமாக 30 நாள் தங்க அனுமதி தருவார்கள். இதற்கான கட்டணமும் விதிகளும் அண்மை வருஷங்களில் பலமுறை மாறியிருக்கின்றன. ஆகையால் நண்பர் சொன்னார், பத்திரிகையில் படித்தேன் என்று இராமல் (இந்தக் கட்டுரையையும் சேர்த்தே சொல்கிறேன்), டிக்கெட் வாங்குமுன் இலங்கை அரசாங்கத்தின் சொந்தத் தளத்தில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அதைப் போலவே நடிக்கும் போலித் தளங்கள் அதிகக் கட்டணம் பறிக்கின்றன. ஜாக்கிரதை!

பண விஷயம். அங்கும் ரூபாய்தான், ஆனால் அது வேறு ரூபாய். 2022-இல் அந்நாடு பட்ட பொருளாதார அவதிக்குப் பிறகு நம் ஒரு ரூபாய்க்கு அவர்களுடைய ரூபாய் மூன்றுக்குமேல் கிடைக்கிறது. தேநீரின் விலையைக் கேட்டதும் மயங்கி விழவேண்டாம், மூன்றால் வகுத்துக்கொள்ளுங்கள். வங்கியிலோ, உரிமம் பெற்ற நாணய மாற்றுக் கடையிலோ மாற்றி, ரசீதை வாங்கி வைத்திருங்கள். 2024 பிப்ரவரி முதல் நம்முடைய யு.பி.ஐ. முறையும் அங்கே தொடங்கியிருக்கிறது. ஆயினும் தோட்டத்துப் பெட்டிக் கடையில் அதை நம்பிப் போகலாகாது.

கடிகாரத்தைத் திருப்பவேண்டாம். 2006 முதல் இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்.

கப்பல்

ஆகாய விமானத்தில் போகிறவர்களுக்கு வழி சொல்லத் தேவையில்லை. கடல் வழியாகப் போக விரும்புகிறவர்களுக்கு நாகப்பட்டினமே துறை. 2023 அக்டோபர் 14-ஆம் தேதி நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் போக்குவரத்து ஆரம்பமாயிற்று. சில நாளில் மழைக்காலத்தை முன்னிட்டு நின்றது. 2024 ஆகஸ்டு 16 முதல் "சிவகங்கை" என்ற சிறு கப்பல் ஓடலாயிற்று. வடகிழக்குப் பருவ மழையின்போது அதுவும் நின்று, பிறகு மீண்டும் ஓடியது. ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் இந்த வழியை நம்ப வேண்டாம். மற்றக் காலங்களிலும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

எர்ணாகுளத்திலிருந்து காரைக்கால் செல்லும் எக்ஸ்பிரஸ் பின்னிரவில் திருப்பூரைக் கடக்கிறது. ஸ்டேஷனுக்கு எதிரே கொடி காத்த குமரனின் நினைவகத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அதில் ஏறினால் ஈரோடு, கரூர், திருச்சி, தஞ்சை வழியாக நாகை போய்ச் சேரலாம். ஆனால் அன்று காலைக் கப்பலைப் பிடிக்க முடியாது. ஒரு நாள் முன்னதாகப் போய், நாகூரையும் வேளாங்கண்ணியையும் தரிசித்து, இரவு நன்றாகத் தூங்கி எழுந்து கப்பலேறுவதே உசிதம். கடல் தூரம் சுமார் 110 கிலோமீட்டர். ஏறக்குறைய நான்கு மணி நேரம். குமட்டல் உள்ளவர்கள் முன்னாடியே மருந்து சாப்பிட்டுக்கொண்டு, கப்பலின் நடுப்பகுதியில் உட்காருவது நல்லது. வயிறு முட்ட இட்லி சாப்பிட்டுவிட்டு ஏறக்கூடாது என்பதை அனுபவத்தில் தெரிந்துகொண்டேன்.

இன்னொரு அனுபவமும் உண்டு. திருப்பூர்க்காரன் வெறுங்கையுடன் போகலாமா என்று எண்ணி, அறிமுகமானவர்களுக்கெல்லாம் கொடுப்பதற்காக நான்கு டஜன் பனியன்களை மூட்டை கட்டிக்கொண்டு போனேன். அக்கரையில் சுங்க உத்தியோகஸ்தர் மூட்டையைப் பிரித்துப் பார்த்தார், என்னையும் பார்த்தார். "வியாபாரமோ?" என்றார். "இல்லை, உபாத்தியாயர்" என்றேன். "உபாத்தியாயருக்கு இவ்வளவு பெனியன் என்னத்துக்கு?" என்று அவர் கேட்டதில் தவறே இல்லை. அரை மணி நேர விளக்கத்துக்குப் பின் சிரித்துக்கொண்டே விட்டார். அன்பளிப்பு என்றால் சொற்பமாக இருக்கட்டும். ஒரே மாதிரி சாமான் பலவாக இருந்தால் அது சரக்காகிவிடும். பிறர் கொடுக்கும் மூட்டையை, உள்ளே என்ன இருக்கிறதென்று பாராமல் வாங்கிச் செல்லவே கூடாது.

அக்கரையில்

காங்கேசன்துறையில் இறங்கியதும் பெயர்ப்பலகைகளில் சிங்களம், தமிழ், இங்கிலீஷ் மூன்றும் இருப்பதைக் காண்பீர்கள். பாஷைக் கஷ்டம் யாழ்ப்பாணத்தில் இல்லை. ஆயினும் அவர்கள் பேசமாட்டார்கள், கதைப்பார்கள், புறப்படமாட்டார்கள், வெளிக்கிடுவார்கள். அழகான பொருள் அங்கே வடிவானது. இரண்டு நாளில் நம் காது பழகிவிடும்.

நல்லூர்க் கந்தசாமி கோயிலில் ஆடவர்கள் மேலாடையைக் களைந்துவிட்டே உள்ளே செல்லவேண்டும். உலகத்துக்கெல்லாம் பனியன் போட்டுவிடும் ராயபுரத்து மனிதனும் முருகன் முன்னிலையில் பனியனைக் கழற்றத்தான் வேண்டும்! கீரிமலை ஊற்றில் ஸ்நானம் செய்யலாம். குறிகட்டுவானிலிருந்து படகில் நயினாதீவு சென்று நாகபூஷணி அம்மனையும், அதே தீவிலுள்ள புத்த விகாரத்தையும் தரிசிக்கலாம். விகாரங்களில் பாதரட்சையும் தொப்பியும் கூடாது. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படமெடுத்துக்கொள்வதைப் பெரிய அபசாரமாகக் கருதுகிறார்கள். பௌர்ணமிதோறும் நாடு முழுவதும் விடுமுறை. அன்று அலுவலகங்கள் இரா, மது விற்பனையும் கிடையாது.

யாழ்ப்பாணத்துப் பொது நூலகத்தை அவசியம் பாருங்கள். 1981 ஜூன் முதல் தேதிக்கு முந்திய இரவு தீ வைக்கப்பட்டு, சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. இன்று வெண்மையாக நிமிர்ந்து நிற்கும் கட்டடம் பின்னர் புதுப்பிக்கப்பட்டது. பள்ளிப் பிள்ளைகள் அங்கே தலை குனிந்து படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது, உபாத்தியாயனாகிய எனக்குத் தொண்டையை அடைத்தது. இங்கே ஓர் எச்சரிக்கை: 2009 வரை நடந்த யுத்தத்தைப் பற்றி நாமாகக் கிளறிக் கேட்கக் கூடாது. அவர்களாகச் சொன்னால் மரியாதையுடன் கேட்கலாம். ராணுவ முகாம்களைப் படம் எடுக்கலாகாது.

உடம்புக்கு ஏதேனும் வந்தால் 1990 என்ற எண்ணுக்குப் பேசினால் ஆம்புலன்ஸ் இலவசமாக வரும். 2016-இல் இந்தியாவின் உதவியுடன் தொடங்கிய ஏற்பாடு இது. போலீஸுக்கு 119.

மலைநாடு

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீட்டர். 1990-இல் அறுந்துபோன ரெயில் பாதை, இந்தியப் பொறியாளர்களின் உழைப்புடன் செப்பனிடப்பட்டு, 2014 அக்டோபரில் யாழ்ப்பாணம் வரை மீண்டும் ஓடத் தொடங்கியது. கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் வண்டி மாறிப் பதுளைப் பாதையில் போனால் ஹட்டன். நல்ல வகுப்பு ஆசனங்களை வெளிநாட்டார் முன்பதிவு செய்துவிடுகிறார்கள். நாமும் முந்திக்கொள்ள வேண்டும். பெருமழையில் மண் சரிந்து பாதை அடைபடுவதுண்டு. ஆதலால் மழைக்காலத்தில் வண்டி ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டே கிளம்புங்கள்.

ஹட்டன் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 4,000 அடி. மே மாதத்திலும் மாலையில் குளிர் நடுக்கியது. தோட்டத்துப் பாதையில் நடந்து, அந்த அம்மாள் எழுதிக் கொடுத்த விலாசத்தைக் காட்டி விசாரித்தேன். கொழுந்துக் கூடையுடன் வந்த ஒரு பெண்ணே வழிகாட்டினாள். லயக் காம்பிராவின் வாசலில் தமக்கையார் உட்கார்ந்திருந்தார். நான் இன்னாரென்று சொன்னதும் முதலில் கேட்டது இதுதான்: "தங்கச்சி இன்னும் இடது கையாலதான் கரண்டி புடிக்கிறாளா?"

எனக்குத் தெரியவில்லை. எட்டு வருஷமாக ஒரே வீதியில் இருக்கிறேன், கவனித்ததில்லை.

சாயத் தேநீர் கொடுத்தார். தேயிலைப் பொட்டலம் ஒன்றும் கொடுத்தார். "வரச் சொல்லுங்க. ரொம்ப நாள் காத்திருக்க ஏலாது" என்றார்.

மனு

ஊர் திரும்பியதும் நானே உடனிருந்து மனுவைப் பூர்த்தி செய்தேன். "பிறந்த ஊர்" என்ற இடத்தில் ஹட்டன் என்றும், "பிறந்த நாடு" என்ற இடத்தில் இலங்கை என்றும் எழுதும்போது அந்த அம்மாள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் கேட்ட கேள்விக்கு அப்போதுதான் எனக்குப் பதில் சொல்ல வாய்த்தது. "அம்மா, நீங்கள் பிறந்த ஊருக்குப் போவதற்குப் பாஸ்போர்ட்டு வேண்டியதில்லை. அதற்குப் பிறகு ராயபுரத்துக்குத் திரும்பி வருவதற்குத்தான் அது வேண்டும்" என்றேன். சட்டப்படி இது சரியான பதில் அல்ல. ஆனால் அவர் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார், இடது கையால்.

போலீஸ் விசாரணையும் முடிந்து, பாஸ்போர்ட்டு தபாலில் வந்துவிட்டது. சென்ற ஞாயிற்றுக்கிழமை அவர் காதர்பேட்டைக்குப் போய், ஏற்றுமதியில் மிஞ்சிய துணிகள் விற்கும் கடையில் கம்பளிச் சட்டை இரண்டு வாங்கி வந்தார். ஒன்று அக்காளுக்கு, ஒன்று தமக்கு. குளிர் தேசங்களுக்குப் போகும் சட்டைகளுக்கு ஆயுள் முழுவதும் பிசிறு வெட்டியவர், தமக்கென்று ஒன்று வாங்கியது இதுதான் முதல் தடவை என்றார்.

இரண்டே இரண்டு சட்டைகள்தாம். சுங்கத்தில் யாதொரு தொந்தரவும் இராது.