மனுவுக்கு முன் உரிமை

உலகில் எழுதப்படும் மனுக்கள் இருவகைப்படும். ஒன்று இரக்கத்தை வேண்டி எழுதுவது. மற்றொன்று உரிமையைச் சுட்டி எழுதுவது. முன்னதில், ‘தாங்கள் மனமிரங்க வேண்டும்’ என்னும் சொல் தலைப்பில் நிற்கும். பின்னதில், ‘இது எங்கள் வேலை, இதை நடத்த இவ்வளவு வேண்டும்’ என்னும் சொல் நிற்கும். ஒரு காலத்தில் நம் தோட்டப்புறங்களில் கிராணியார் எழுத, தொழிலாளர் கைநாட்டிட, துரையின் மேசைக்குச் சென்ற மனுக்கள் பெரும்பாலும் முதல் வகையைச் சார்ந்தவையே. கைநாட்டிட்டவருக்குத் தம் மனுவில் எழுதியிருப்பது இன்னதென்றும் தெரியாது. பிறருக்கு மனு எழுதிக் கொடுத்துப் பழகிய நாம், இரண்டாம் வகை மனு எவ்வாறு பிறக்கிறது என்பதை ஆராய விரும்பினோம். அதற்குத் தக்க சான்று, கனடா நாட்டுப் பூர்வகுடி மக்களின் மீன்பிடி வரலாற்றிலே கிடைக்கிறது.

அந்நாட்டின் மேற்குக் கரையில் ஆறுகளே மக்களுக்கு வயல். சால்மன் மீனே விளைச்சல். கடலில் வளர்ந்த அம்மீன், முட்டையிடுவதற்குத் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வரும். பாபைன் ஏரிப் பகுதி மக்கள் ஆற்றின் குறுக்கே கழிகளால் அடைப்பு நிறுத்தி, தமக்கு வேண்டிய மீனை எடுத்து, எஞ்சியவற்றை மேலே போகவிட்டனர். பின்னர் வந்தது வெள்ளையர் சட்டம். பூர்வகுடியினர் உண்பதற்கு மீன் பிடிக்கலாம், விற்கவும் பண்டமாற்றுச் செய்யவும் கூடாது என்று 1888-ஆம் ஆண்டில் விதி செய்தனர். ஸ்கீனா ஆற்று முகத்துவாரத்தில் மீனை டின்களில் அடைக்கும் ஆலைகளை நடத்திய முதலாளிகள், மேலாற்று அடைப்புக்களால் மீன்வளம் கெடுகிறதென்று முறையிட்டனர். 1906-ஆம் ஆண்டில் அவ்வடைப்புக்கள் அகற்றப்பட்டன. அவற்றுக்கு ஈடாக வலைகள் தருவதாகச் சொல்லப்பட்டது. ஆற்றை ஆண்டவர் ஆற்றங்கரையில் அனுமதிக்கு நிற்கலாயினர். இதனினும் கொடிது வேறென்ன?

இந்நிலையை மாற்றியது மனு அன்று; வழக்கு. 1984-ஆம் ஆண்டில் மஸ்குவீம் இனத்தைச் சேர்ந்த ரானல்ட் ஸ்பாரோ என்பவர், 25 பாகம் நீளமே அனுமதிக்கப்பட்டிருக்க, 45 பாகம் நீளமுள்ள வலையை வீசினார் என்று குற்றஞ்சாட்டப்பட்டார். அவர் செயலை மறுக்கவில்லை. ‘இது எம் முன்னோர் வழிவந்த உரிமை, 1982-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு அதனை ஒப்புக்கொண்டிருக்கிறது’ என்று வாதாடினார். மீன்வளத்தைப் பாதுகாப்பது முதற் கடமை. அதற்கு அடுத்தபடியாக, பூர்வகுடியினரின் உணவுக்கும் சடங்குக்கும் சமூகத் தேவைக்கும் வேண்டிய மீனே மற்றெல்லார் பங்கிற்கும் முன் நிற்க வேண்டும் என்று 1990-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பின் பயனாகவே 1992-ஆம் ஆண்டில் கனடா அரசாங்கம் பூர்வகுடி மீன்வளத் திட்டத்தைத் தொடங்கி, அம்மக்களுக்குப் பொருளுதவி அளிக்க முன்வந்தது. உரிமை முன்னே வந்தது. உதவி அதன் பின்னே வந்தது. இவ்வரிசையை நம் மக்கள் மனத்தில் இருத்தல் வேண்டும்.

இனி, அவ்வுதவியை வேண்டுவோர் செய்யத்தக்கது என்ன? முதலாவது, தனி மனிதர் கேட்பதன்று அது. ஊரவை கேட்க வேண்டும். அன்றேல் ஊரவை தன் பெயரால் பேச ஒப்புதல் அளித்த சங்கம் கேட்க வேண்டும். இரண்டாவது, நில உடன்படிக்கையால் தமக்கெனத் தனி மீன்வள ஆட்சிமுறை பெற்றுவிட்ட இனத்தார்க்கு அவ்வுடன்படிக்கையே வழி. பெறாதார்க்கே 1992-ஆம் ஆண்டுத் திட்டம் உரியது. தாம் எப்பகுதியினர் என்பதை முதலில் தெளிதல் நன்று. மூன்றாவது, தாள் எழுதுமுன் மீன்வள இலாகாவின் வட்டார அலுவலகத்தாரோடு நேரிற் பேசுதல். நான்காவது, செய்யப்போகும் வேலையைத் தெளிவாகக் கூறுதல்: பிடித்த மீனைக் கணக்கெடுப்பதா, ஆற்றைக் காக்கும் மீன்வளக் காவலரைப் பயிற்றுவதா, கெட்டுப்போன நீர்நிலையைத் திருத்துவதா, யார் செய்வார், எத்தனை மாதம், என்ன செலவு, பயனை எவ்வாறு அளப்பது. ஐந்தாவது, பணம் வந்தபின் கணக்கும் அறிக்கையும் தவறாது கொடுத்தல். அது நன்கொடை அன்று. இரு திறத்தாரும் கையெழுத்திடும் ஒப்பந்தம். ஒரே ஆற்றை நம்பிய பல இனத்தார் ஒன்றுகூடி நிபுணரை அமர்த்திக்கொள்வதற்கு 2004-ஆம் ஆண்டில் மற்றொரு திட்டமும் வகுக்கப்பட்டது.

இவற்றுள் உயிர்நாடியானது எது? கணக்கெடுத்தல் என்போம். நாஸ் ஆற்றங்கரையில் வாழும் நிஸ்கா மக்களைப் பாருங்கள். 1992-ஆம் ஆண்டு முதல் அவர்கள் நீரோட்டத்தால் சுழலும் மீன் சக்கரங்களை ஆற்றில் நிறுத்தினர். சக்கரம் சால்மனை உயிரோடு அள்ளும். அதற்கு அடையாளச் சீட்டுக் கட்டி மீண்டும் ஆற்றில் விடுவர். மேலாற்றில் சீட்டுள்ளவை எத்தனை, இல்லாதவை எத்தனை என்று எண்ணி, அவ்வாண்டில் வந்த மீனின் தொகையை மதிப்பிடுவர். 2000-ஆம் ஆண்டில் அவர்தம் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது, தம் ஆற்றைப் பற்றித் தாமே திரட்டிய கணக்கு அவர்கள் கையில் இருந்தது. ஆற்றில் எத்தனை மீன் உண்டென்பதை அறிந்தவனை எந்த இலாகா அறிவிலி என்று ஒதுக்க முடியும்?

ஆயினும் எல்லாம் செம்மையாகிவிட்டதென்று நாம் கூறவில்லை. 463 இராத்தல் விலாங்கு மீனை விற்றதற்காகக் குற்றஞ்சாட்டப்பட்ட டானல்ட் மார்ஷல் என்னும் மிக்மாக் இனத்தார், 1760, 1761-ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகளைக் காட்டி வழக்காடி 1999-ஆம் ஆண்டில் விடுதலை பெற்றார். மிதமான பிழைப்புக்கு மீன் பிடித்து விற்கும் உரிமை அவ்வினத்தார்க்கு உண்டென்பதே தீர்ப்பு. அதன்பின் இருபத்தோராண்டு கழித்து, 2020-ஆம் ஆண்டில், நோவா ஸ்கோஷியாவில் அவ்வினத்தவருள் ஒரு சாரார் தம் சொந்த விதிப்படி சிங்கி இறால் பிடிக்கத் தொடங்கியபோது கலகம் மூண்டது. இறால் வைக்கும் கிடங்கு ஒன்று தீக்கிரையாயிற்று. மேலும், பாரம் நிரப்பவும் அறிக்கை எழுதவும் ஆளில்லாத சிற்றூருக்கு அவ்வேலையே பெருஞ்சுமை. பணத்தின் திறவுகோலும் இன்றளவும் இலாகாவின் இடுப்பிலேயே தொங்குகிறது.

என்றாலும் அம்மக்கள் காட்டும் நெறி தெளிவானது. உரிமையை அறிந்துகொள், ஒன்றுபட்டு நில், உன் வேலையை நீயே எண்ணி எழுது, கொடுத்ததற்குக் கணக்குக் காட்டு, கொடாததைத் திரும்பக் கேள். தோட்டத்திலும் பட்டணத்திலும் சங்கம் நடத்தும் நம் அன்பர்கள், அடுத்த மனுவை எழுத உட்காரும்போது, அதிலுள்ள ‘இரங்க வேண்டும்’ என்னும் சொல்லை அடித்துவிட்டு, அவ்விடத்தில் தம் கையாலே எடுத்த கணக்கை எழுதுவார்களாக. கைநாட்டிடுவோருக்கு அதனைப் படித்துக் காட்டிய பின்னரே அனுப்புவார்களாக.