மூணு ஊரு விளைச்சலும் ஒரு கல்லூரியும்

எங்க பாகூர்னா உங்களுக்கு ஏரியும் மூலநாதர் கோயிலும்தான் ஞாபகம் வரும். ஒன்பதாம் நூற்றாண்டிலேயே இங்க ஒரு கல்லூரி இருந்துச்சுங்க. அதோட செலவுக்கு மூணு ஊரை எழுதி வச்சதைப் பல்லவ மன்னர் நிருபதுங்கவர்மர் காலத்துச் செப்பேடு சொல்லுது.

வில்லியனூரில் 1915-ல் பிறந்து, பக்கத்து சேலியமேட்டில் வாழ்ந்த கவிஞர் வாணிதாசனும் பள்ளி ஆசிரியர்தான். பாரதிதாசனோட மாணவர். இயற்கையை அவ்வளவு அழகா பாடினவர்.

அன்னைக்கு நிலம் விளைஞ்சு படிக்க வச்சது. இன்னைக்கு நிலத்தை வித்துப் படிக்க வைக்கிறோம். பெரியவ காலேஜ் ஃபீஸுக்கு இருபது குழி போச்சு. அங்க இப்ப மனைக்கல் நிக்குது. அவ படிக்கிறதுல எனக்குப் பெருமைதான். சின்னவ பத்தாவது படிக்கிறா. மிச்சம் இருக்கிறது முப்பது குழி.