கூடங்குளம் கரன்ட்டும் 75 லட்ச ரூபாய் காரும்!

நெல்லையிலிருந்து நாங்குநேரி, வள்ளியூர் தாண்டி ராதாபுரம் ரோட்டில் திரும்பினால், அப்புறம் காற்றாலைகள்தான் வழித்துணை. ஆடி மாதம் என்றால் பைக்கை நேராக ஓட்டுவதே பெரும்பாடு. ஆளைப் பக்கவாட்டில் தள்ளும் காற்று! இந்த ரோட்டில் கூரையைத் திறந்துபோட்டு ஒரு ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டினால் எப்படியிருக்கும்?

கேட்கக் காரணம் உண்டு. 2025 ஜூலையில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த எம்ஜி சைபர்ஸ்டர், முழுக்க கரன்ட்டில் ஓடும் கார். இரண்டே சீட். வெளிநாடுகளில் ஒற்றை மோட்டார் மாடலும் இருக்கிறது. இங்கே வந்திருப்பது இரட்டை மோட்டார் வைத்த அதிவேக வெர்ஷன். 510 பிஎஸ் பவர். 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 3.2 விநாடி போதும். கதவுகள் மேல்நோக்கித் திறக்கும். 2025-ல் அறிமுகமானபோது விலை, 74.99 லட்சம். (வேகத்தடைகள் அதிகமுள்ள நம்மூர் ரோடுகளுக்கு இவ்வளவு தாழ்வான கார் சரிப்படுமா என்பது வேறு கவலை!)

அந்தக் காருக்கான கரன்ட் எங்கிருந்து வரும்? கன்னியாகுமரியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில், கடலோரம் நிற்கும் அணு உலைகளும் ஒரு பதில். 1988-ல் ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் போட்ட ஒப்பந்தம். 2013-ல்தான் முதல் உலை கரன்ட் கொடுத்தது. இப்போது ஓடுபவை இரண்டு, தலா 1,000 மெகாவாட். இன்னும் நான்கு உலைகளுக்கு வேலை நடக்கிறது.

ஓர் உலை முழு வீச்சில் ஒரு மணி நேரம் ஓடினால் 10 லட்சம் யூனிட். சைபர்ஸ்டர் பேட்டரியின் கொள்ளளவு 77 யூனிட். அதாவது, ஒரு மணி நேர கரன்ட்டில் ஏறக்குறைய 13,000 கார்களை நிரப்பலாம். நிஜத்தில் அது கேரளா, கர்நாடகா, புதுச்சேரிக்கும் பிரிந்து போகிறது.

பக்கத்திலேயே இடிந்தகரை. லூர்து மாதா கோயில் முன்பு 2011-ல் போட்ட போராட்டப் பந்தலை நாடே பார்த்தது. 2012 செப்டம்பர் 10-ம் தேதி கடற்கரையில் திரண்ட மக்கள்மீது தடியடி, கண்ணீர்ப்புகை. கடலை நம்பிப் பிழைக்கும் ஊர் இது. 'புகையே இல்லாத கார்' என்ற விளம்பர வரியை இந்த மணலில் நின்று படித்தால், எனக்கு அது பாதிக் கதையாகத்தான் தெரிகிறது.

அணுமின் நிலையம் பக்கம் போனால், கேமராவைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், பாதுகாப்பு கடுமை.

ஒரு முழு சார்ஜில் 580 கிலோமீட்டர் ஓடும் என்கிறது நிறுவனம். கூடங்குளத்தில் சார்ஜ் ஏற்றிக் கிளம்பினால் சென்னை வரை தாங்காது. விழுப்புரம் பக்கம் மறுபடி பிளக் தேட வேண்டும்!