மண்ணுக்குள் போன கம்பிகள்



2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தது. அன்றிரவு திருவொற்றியூரில் எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை, கைபேசியும் ஊமையாகிவிட்டது. என்னிடம் அமெச்சூர் ரேடியோ உரிமம் இருந்தது. கார் பேட்டரியில் இயங்கும் 20 வாட் கருவி இருந்தது. கொல்லையில் சாய்ந்து கிடந்த 10 மீட்டர் உயர ஆண்டெனாவை நிமிர்த்திக் கட்டி 7 மெகாஹெர்ட்ஸில் அழைத்தேன். தொலைதூர நிலையங்கள் எனக்குத் தெளிவாகக் கேட்டன. என் அழைப்புக் குறியையோ எவராலும் முழுமையாக வாங்க இயலவில்லை.

செங்குத்தாக நிற்கும் ஆண்டெனாவுக்கு மறுபாதி நிலமே. அதற்காகவே அடியிலிருந்து நாற்புறமும் ரேடியல் கம்பிகளை விரிக்கிறோம். நான் எட்டுக் கம்பிகளைப் புதைத்திருந்தேன். மீட்டர் 60 ஓம் காட்டியது. 50க்கு அருகில்தானே என்று மகிழ்ந்தேன். அறியாமை! குறையற்ற நிலத்தின் மீது அது 36 ஓம் அளவே காட்ட வேண்டும். மீதி 24 ஓம் மண்ணைச் சூடாக்கும் இழப்பு. அதாவது 20 வாட்டில் 8 வாட் என் கொல்லை மண்ணுக்கே நான் அளித்த தானம். கேட்கும்போது இந்த இழப்பு தெரிவதில்லை; சமிக்ஞையோடு இரைச்சலும் சேர்ந்தே குறைந்துவிடுகிறது.

1937இல் பிரவுன், லூயிஸ், எப்ஸ்டீன் ஆகியோர் நூற்றுக்கும் மேற்பட்ட கம்பிகள் வரை புதைத்து அளந்து பார்த்தனர். ஒலிபரப்பு நிலையங்கள் 120 கம்பிகள் புதைப்பது வழக்கமானது. எங்கள் கொல்லையில் அதற்கு இடமேது? தோண்டிப் பார்த்தபோது என் எட்டிலும் பாதிக்குமேல் பற்றவைத்த இடத்திலேயே உப்புமண் அரித்து, பச்சை பூத்து அறுந்திருந்தன.

எனவே ஆண்டெனாவை மொட்டைமாடிக்கு ஏற்றினேன். உயரத்தில் கட்டினால் நான்கு கம்பிகள், ஏன் இரண்டு கூடப் போதும். ஆனால் ஒவ்வொன்றும் கால் அலைநீளம், ஏறத்தாழ 10 மீட்டர், அளவு பிசகாமல் இருக்க வேண்டும். எங்கள் மாடி அவ்வளவு அகலமில்லை. இரண்டு கம்பிகள் பக்கத்து வீட்டு மாடியைக் கடக்க வேண்டியிருந்தது. அங்கே ஒரு பெரியம்மா கருவாடு காயவைப்பார். அனுமதி கேட்கச் சென்றேன்.

"கட்டிக்கோ தம்பி. கை பட்டா ஒண்ணும் ஆவாதில்ல?"

ஆகும். கம்பியின் முனையில்தான் மின்னழுத்தம் மிகுதி. நான் பேசும் நேரத்தில் தொட்டால் தோல் சுடும். "ஒன்றும் ஆகாது" என்ற சொல் நாவின் நுனிவரை வந்தது. அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி ஜும்ஆவில் எத்தனை முறை கேட்டிருப்பேன்!

உண்மையைச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். இரண்டே கம்பிகளை எதிரெதிராக இழுத்து, சுவரை எட்டியதும் எங்கள் மாடி ஓரமாகவே மடித்து, மூன்று மீட்டர் உயரத்தில் கட்டினேன். மின்னோட்டம் அடிப்பகுதியில்தான் மிகுதி என்பதால் முனையை மடிப்பதால் இழப்பு சிறிதே. கேபிளின் வெளிப்புறத்தில் மின்னோட்டம் இறங்காதிருக்க அதை வளையமாகச் சுற்றினேன்.

அடுத்த வாரம் ஃபஜ்ருக்குப் பின் அழைத்தபோது, ஒரே அழைப்பில் என் குறியை முழுதாகத் திருப்பிச் சொன்னார்கள். பக்கத்து மாடியில் பெரியம்மா கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.