ஊதாப் பூவும் யப்பான் பழியும்

செடி வளர்ப்பவர்களிடம் பிடித்த செடி எது என்று கேட்டால் மல்லிகை, செவ்வரத்தை, நந்தியாவட்டை என்று ஏறக்குறைய ஒரே பதில்தான் வரும். பிடிக்காத செடி எது என்று கேட்டால்தான் மனிதர் வெளிப்படுவார். கொட்டாஞ்சேனையில் வசிக்கும் என் நண்பர் ஒருவர் போகன்வில்லாவை வாசலுக்குள் விடமாட்டார். முள்ளையும் குப்பையையும் தவிர அதில் என்ன இருக்கிறது என்பார். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் வீட்டுக்கு வீடு தொங்கும் மணி பிளான்டைக் கண்டாலே முகம் சுளிக்கும் உறவினர் ஒருவரும் எனக்கு உண்டு. இவை ரசனை சார்ந்த வெறுப்புகள். எவருக்கும் நட்டமில்லை.

என்னுடைய வெறுப்பு ஆகாயத்தாமரை மீது. தமிழ்நாட்டில் இதனை வெங்காயத்தாமரை என்றும் சொல்வார்கள். காம்பின் அடி வெங்காயம்போல உப்பியிருப்பதால் அந்தப் பெயரே பொருத்தமானது. சித்த மருத்துவ நூல்கள் ஆகாயத்தாமரை என்று குறிப்பிடுவது கோவா இலைக் கொத்துப்போல மிதக்கும் வேறொரு செடியை. பெயர்க் குழப்பம் கிடக்கட்டும்.

எங்கள் தொடர்மாடியில் மேல்தளத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் சில மாதங்களுக்கு முன்னர் வீதியோரச் செடிக்காரரிடம் இதில் ஒன்றை வாங்கிவந்து, பெல்கனியில் ஒரு பேசினில் மிதக்கவிட்டிருந்தார். "அண்ணை, பூத்திருக்குது, வந்து பாருங்கோ" என்று அழைத்தார். போய்ப் பார்த்தேன். அழகில்லை என்று சொன்னால் அது பொய். வெளிர் ஊதா இதழ்கள் ஆறு. மேலிதழில் மட்டும் நீலம் சூழ்ந்த மஞ்சள் பொட்டு, மயிற்பீலியின் கண்ணைப்போல. "நல்லாப் பெருகிவிட்டுது, உங்களுக்கும் இரண்டு தரட்டோ?" என்றார். மிஞ்சுவதை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"கால்வாயிலை போட்டுவிடுவன். பச்சைதானே, அழுகிப் போயிடும்."

"அழுகாது ரீச்சர். அங்கேதான் அது வாழும்."

"அது யப்பான்காரன் சண்டைக் காலத்திலை கொண்டுவந்து போட்டதெல்லோ? எங்கும் கிடக்குது. நான் போடுற இரண்டாலே என்ன வரப்போகுது?"

இந்த யப்பான் கதையைத்தான் நான் விசாரித்துப் பார்க்க விரும்பினேன். சிங்களத்தில் இச்செடிக்குப் பெயரே 'ஜப்பன் ஜபர'. இரண்டாம் உலகப் போரின்போது, மேலிருந்து பார்க்கும் யப்பானிய விமானிகள் பச்சைத் தரை என்று மயங்கி நீரில் இறங்கட்டும் என்று பிரித்தானியர் இதனை நீர்நிலைகளில் பரப்பினார்கள் என்பது பரவலான கதை. சிலர் அதைப் புரட்டி, யப்பானியரே கொண்டுவந்து போட்டார்கள் என்பார்கள். 1942 ஏப்ரல் 5 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு அன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியது உண்மை. துறைமுகத்தை ஒட்டிய கொட்டாஞ்சேனையில் அந்த நாளின் கதைகள் தலைமுறை கடந்தும் சொல்லப்பட்டன. குண்டோடு சேர்ந்து செடியும் கதைக்குள் விழுந்துவிட்டது போலும்.

ஆண்டுக் கணக்கு இதற்கு இடம் தரவில்லை. அமேசன் ஆற்றுப் படுகையைச் சேர்ந்த இச்செடி 1905 அளவில், பூவின் அழகுக்காகவே இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. 1909 இல் இதைத் தடுப்பதற்கென்றே தனியாக ஒரு கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. நாலே ஆண்டுகளில் சட்டம் போடவேண்டிய அளவுக்கு அஞ்சப்பட்ட செடி! யப்பானிய விமானம் வருவதற்கு அதன் பிறகும் 33 ஆண்டுகள் இருந்தன.

வங்காளத்திலும் இதே கூத்து நடந்தது. அங்கே இதற்கு 'ஜேர்மன் பானா' என்று பெயர். முதலாம் உலகப் போர்க் காலத்தில் ஜேர்மனியர் செய்த சதி என்று பேசிக்கொண்டார்கள். வயல்களும் படகுப் பாதைகளும் அடைபட்டு 1936 இல் சட்டம் வந்தது. 1937 தேர்தலில் ஆகாயத்தாமரையை ஒழிப்போம் என்பது கட்சிகளின் வாக்குறுதியாகவே இருந்தது. அவரவருக்கு வாய்த்த எதிரியின் பெயர் செடிக்கும் வாய்த்திருக்கிறது. பூ நன்றாக இருக்கிறதே என்று ஆசைப்பட்டுத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தவரின் பெயரை எவரும் வைக்கவில்லை. நம் ஊர்ப் பற்றைகளில் மண்டிக் கிடக்கும் நாயுண்ணியும் அப்படித்தான்: 1826 இல் பேராதனைப் பூங்காவுக்கு அலங்காரச் செடியாக வந்தது. சல்வீனியா 1939 இல் கொழும்பில் தாவரவியல் கற்பிப்பதற்காக வந்து, போர்க்காலத்தில் வெளியே பரவியது. யப்பான் கதையில் சல்வீனியாவின் நினைவும் கலந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

ரீச்சரின் "இரண்டாலே என்ன" என்ற கேள்விக்கு வருகிறேன். இச்செடி விதைக்காகக் காத்திருப்பதில்லை. பக்கவாட்டில் தண்டு ஓடி, நுனியில் புதுச்செடி உண்டாகும். வெப்பமும் கழிவின் சத்தும் நிறைந்த நீரில் ஒன்றிரண்டு வாரத்தில் இரண்டு நான்காகும். பூத்து விழுந்த விதை சேற்றுக்குள் 15 ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். கொழும்புக் கால்வாய்களின் கழிவு நீர் அதற்கு விருந்து.

காலி வீதியில் பம்பலப்பிட்டியையும் வெள்ளவத்தையையும் பிரிக்கும் பாலத்தின் கீழே ஓடும் கால்வாய்க்கு, மழைநீரைக் கடலுக்குக் கொண்டுபோவதுதான் வேலை. செடி பாயாக விரிந்தால் நீர் தயங்கும், பிளாஸ்டிக் போத்தல்கள் அதில் சிக்கும், பின்னாலுள்ள தாழ்ந்த வீடுகளுக்குள் வெள்ளம் ஏறும். 2010 நவம்பரில் கொழும்பு மூழ்கி, நாடாளுமன்ற வளாகமே நீருக்குள் நின்றதை மறந்திருக்கமாட்டோம். சதுப்பு நிலங்களை நிரப்பியது முதல் பல காரணங்கள் அதற்கு உண்டு. முழுப் பழியையும் செடியின் தலையில் போடுவது இன்னொரு யப்பான் கதையாகிவிடும். ஆனாலும் வெள்ளம் முதலில் நுழைவது கால்வாய்க்கரைக் குடிசைகளுக்குள். பெல்கனியில் பூப் பார்க்கும் எங்களுடைய மாடிக்குள் அல்ல. எனக்கு இந்தச் செடி பிடிக்காமற் போனதற்கு இதுவே காரணம்.

பேசின் நீரிலும் ஒரு சிக்கல் உண்டு. தெளிந்த நீர் தேங்கினால் டெங்கு நுளம்புக்கு அது போதும். 2017 இல் இந்நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் அந்தக் காய்ச்சல் கண்டார்கள். அதனால் ரீச்சரிடம் இரண்டு விடயங்களைச் சொன்னேன். வைத்திருப்பதானால் பேசினில் சில கப்பி மீன்களை விடுங்கள். நுளம்புக் குடம்பிகளை அவை தின்றுவிடும். மிஞ்சும் செடியை மொட்டைமாடிச் சீமெந்துத் தரையில் சருகாகும்வரை வெயிலில் காயவைத்து, பூப்பதற்கு முன்னர் பறித்ததாயின் பூஞ்சாடி மண்ணில் உரமாகப் போடுங்கள். பூத்ததாயின் எரித்துவிடுங்கள், விதை தங்கியிருக்கும்.

"அப்ப கால்வாய்க்கு ஒன்றும் வேண்டாம் எண்டுறியள்" என்றார் ரீச்சர். ஒன்றும் வேண்டாம் என்றேன்.