ஊவா மலைப் பாதையும் ஜீப்பின் உயரமும்

மலைகள் சூழ்ந்த கிண்ணம் ஒன்றின் அடியிலே பதுளை நகரம் அமைந்திருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்திலுள்ள இந்நகரின் தென்கிழக்கே, 2,036 மீற்றர் உயர்ந்த நமுனுகுல மலை காவலாளி போல நிற்கின்றது. 1924ஆம் ஆண்டிலே புகையிரதம் இங்கு வந்து சேர்ந்தது. வரும் வழியில் தெமோதரையிலே பாதை ஒரு வட்டம் சுற்றித் தன் நிலையத்தின் கீழேயே குகை வழியாக நுழைந்து செல்லும் அதிசயத்தைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். புகையிரதமோ பதுளையுடன் நின்று விடுகின்றது. பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுல என்று அதற்கப்பால் விரியும் தோட்டங்களுக்குச் செல்ல விரும்புவோர் சக்கரத்தையும் சாரதியையுமே நம்ப வேண்டும்.

பதுளையிலிருந்து பசறை வழியாகச் செங்கலடி வரை நீளும் பெருந்தெரு தார் போட்டது. பேருந்துகள் அதிலே தடையின்றி ஓடும். அத்தெருவிலிருந்து தோட்டத்தினுள் திரும்பியதும் உலகமே மாறுகின்றது. தேயிலைத் தூறுகளுக்கிடையே வளைந்து வளைந்து ஏறும் தோட்டப் பாதைகள் கல் பரப்பி அமைக்கப்பட்டவை. பல இடங்களில் கல் பெயர்ந்து மண் வெளிப்பட்டிருக்கின்றது. கொழுந்து ஏற்றும் லொறிகளும் உழவு இயந்திரங்களும் ஓடி ஓடி இரு பக்கமும் ஆழமான தடம் விழுந்திருக்க, நடுவே முதுகெலும்பு போல மேடொன்று நிற்கும். ஒரு பக்கம் மலைச்சுவர். மறு பக்கம் பள்ளம். எதிரே மற்றொரு வண்டி வந்தால் இரண்டிலொன்று பின்வாங்கித்தான் தீர வேண்டும்.

இத்தகைய பாதைகளிலே ஜீப் வண்டியையன்றி வேறொன்றை நினைப்பதரிது. இரண்டாவது உலக மகாயுத்தம் அமெரிக்க ஜீப்பை உலகுக்கு அறிமுகம் செய்தது. அதனைக் கண்டு ஆங்கிலேயர் அமைத்த லாண்ட் ரோவர், 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியிலே முதன்முதலாக வைக்கப்பட்டது. அவ்வம்சத்தின் கடைசி வண்டி 2016 ஜனவரியில் தொழிற்சாலையை விட்டு வெளியேறியது. ஆயினும் ஊவா மலைகளில் அதன் ஆயுள் முடிந்துவிடவில்லை. தாத்தா காலத்து லாண்ட் ரோவர்கள், ஜப்பானிய ஜீப்கள், இந்தியாவிலிருந்து வந்த வண்டிகள் யாவும் இன்றும் இம்மலைகளில் ஏறி இறங்குகின்றன.

அண்மைக் காலமாக இவ்வண்டிகளை உயர்த்திக் கட்டும் வழக்கம் இளைஞரிடையே பரவியிருக்கின்றது. பெரிய டயர் பூட்டி, ஸ்பிரிங்கை உயர்த்தி, யானை போல் நிற்கும் வண்டிகளைக் காண்பதற்குக் கம்பீரமாகவே இருக்கின்றது. ஆனால் எவ்வளவு உயர்த்தலாம்? எந்த அளவு டயர் பூட்டலாம்? இது அழகு பற்றிய கேள்வியன்று. பள்ளத்தின் விளிம்பிலே பயணம் செய்யும் உயிர்களைப் பற்றிய கேள்வி. ஆதலால் இதனைச் சற்று விரிவாகவே நோக்குவோம்.

வண்டியின் உயரம் இருவகைப்படும். ஒன்று அச்சின் உயரம். மற்றது உடலின் உயரம். இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் அச்சின் நடுவே குடம் போல் ஒரு பாகம் தொங்கும். சாரதிகள் அதனை டிபரன்சியல் என்பர். பாதையின் நடு மேட்டிலும் துருத்திய கல்லிலும் முதலில் இடிபடுவது அதுவே. ஸ்பிரிங்கை எத்தனை அங்குலம் உயர்த்தினாலும் அந்தக் குடம் ஒரு நூலளவும் மேலே எழாது. ஏனெனில் ஸ்பிரிங் அச்சின் மேலே அமர்ந்திருக்கின்றது. அச்சை உயர்த்த வல்லது டயர் ஒன்றே. ஸ்பிரிங்கை உயர்த்துவதால் வண்டியின் உடல் எழும். முன்பக்கமும் வயிற்றுப்பக்கமும் கல்லில் தட்டாது. பெரிய டயர் சுழல்வதற்கு இடமும் கிடைக்கும். அதன் பயன் அவ்வளவே.

டயரின் கணக்கை மாணவர்கள் எளிதிற் செய்து பார்க்கலாம். ஆதி லாண்ட் ரோவரில் இருந்த டயர் 6.00-16. இதில் 16 என்பது உள்வளையத்தின் குறுக்களவு, 6.00 என்பது டயரின் அகலம். இரண்டும் அங்குலக் கணக்கு. பழைய பாணி டயரில் உயரமும் ஏறக்குறைய அகலத்துக்குச் சமமாகவே இருக்கும். ஆகவே மேலும் கீழும் ஆறு ஆறு அங்குலம் கூட்ட, மொத்தம் சுமார் 28 அங்குலம். அதே கணக்கில் 7.00-16 டயர் சுமார் 30 அங்குலமும், 7.50-16 டயர் சுமார் 31 அங்குலமும் ஆகும். இக்காலத்து எண்களோ வேறு விதமானவை. 265/70ஆர்16 என்றால் அகலம் 265 மில்லிமீற்றர். பக்க உயரம் அதில் நூற்றுக்கு 70. உள்வளையம் 16 அங்குலம். கணக்கிட்டால் 777 மில்லிமீற்றர், அதாவது முப்பதரை அங்குலத்துக்குச் சற்று மேல்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். 28 அங்குல டயரைக் கழற்றி 30 அங்குல டயரைப் பூட்டினால் அச்சு இரண்டு அங்குலம் உயரும் என்று பலர் எண்ணுவர். உயர்வது ஒரே அங்குலம். கூடிய இரண்டு அங்குலத்தில் பாதி அச்சுக்கு மேலேயல்லவா போய்விடுகின்றது! அந்த ஓர் அங்குலம் அற்பமன்று. நடு மேட்டிலே குடம் உரசுவதற்கும் உரசாமல் தப்புவதற்கும் இடையே உள்ள வேறுபாடு பெரும்பாலும் ஓர் அங்குலந்தான்.

டயர் பெருத்தால் வேறு சில செலவுகளும் உடன் வரும். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது முன்னிலும் அதிக தூரம் செல்வதால், வேகமானி 40 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 43 வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஏற்றத்திலே இயந்திரம் திணறும். இறக்கத்திலே அதனினும் மோசம்: முதல் கியரில் இயந்திரமே வண்டியைப் பிடித்து நிறுத்தும் வலிமை குறைந்து, பாரமெல்லாம் பிரேக்கின் மேல் விழும். மடுல்சீமை மலையிலிருந்து பசறைக்கு இறங்குவோர் இதன் பொருளை நன்கறிவர்.

இனி ஸ்பிரிங்கின் சங்கதி. இரண்டு அங்குலம் வரை உயர்த்தினால், நல்ல ஸ்பிரிங்கும் அதற்கேற்ற நீளமுள்ள ஷொக் அப்சோபரும் பூட்டினால் பெரும்பாலான வண்டிகள் தாங்கிக்கொள்ளும். அதற்கு மேலே போகப் போக, ஒன்றைத் திருத்த இன்னொன்று கோணலாகும். இயந்திரத்திலிருந்து அச்சுக்குச் செல்லும் சுழல் தண்டு அதிகமாகச் சரிந்து, அதன் மூட்டுகள் விரைவிலே தேயும். பிரேக் எண்ணெய்க் குழாய்கள் இழுபடும். முன் அச்சின் சாய்வு மாறுவதால் ஸ்டியரிங் நேரே நில்லாமல் அலையும். நான்கு அங்குலம் உயர்த்துபவர் இவை யாவற்றையும் மாற்றியாக வேண்டும். ஸ்பிரிங்குக்கு மட்டும் பணம் கொடுத்து மற்றவற்றை மறந்துவிடுவது, வீட்டுக்கு மாடி கட்டிவிட்டு அத்திவாரத்தை மறப்பதற்கு ஒப்பாகும்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து கவிழ்தல். சக்கரங்களுக்கிடையே 52 அங்குல அகலமுள்ள ஒரு வண்டியை உதாரணமாகக் கொள்வோம். அதன் பாரமெல்லாம் திரண்டு நிற்கும் மையம் தரையிலிருந்து 28 அங்குல உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், அவ்வண்டி பக்கவாட்டில் சுமார் 43 பாகை சரியும் வரை கவிழாது. மையம் 32 அங்குலமானால் 39 பாகையிலே கவிழும். கூரையிலே மூட்டைகளை ஏற்றி, பின்னாலே ஆட்களை நிறுத்தி, மையத்தை 36 அங்குலத்துக்குக் கொண்டுபோனால் 36 பாகை போதும். இவை அசையாது நிற்கும் வண்டியின் கணக்கு. வளைவிலே திரும்பும்போதும், பள்ளத்துப் பக்கச் சக்கரம் ஈர மண்ணிலே புதையும்போதும் இவ்வெல்லை இன்னும் சுருங்கும்.

மடுல்சீமைப் பகுதியிலே எம்மை ஏற்றிச் சென்ற முதிய ஜீப் சாரதி ஒருவர், கணக்கு எதுவும் படியாமலே இதனை அறிந்திருந்தார். அவருடைய வண்டியில் டயர் 7.00-16; ஸ்பிரிங்கில் ஒரு பட்டை மட்டுமே கூடுதல். “ஏன் இன்னும் உயர்த்தவில்லை?” என்று கேட்டோம். “ஒசத்துனா கல்லு தப்பும் சேர். பள்ளம் தப்புமா?” என்றார். பின்னர், வண்டியின் படியைக் காட்டி, “லயத்துல இருந்து மாசமா இருக்கிற புள்ளைங்கள ராவுல ஆஸ்பத்திரிக்கிக் கொண்டு போறது இதுலதான். அதுங்க ஏறணுமே” என்று சேர்த்துச் சொன்னார்.

இந்த இரண்டாவது வார்த்தையை நாம் எந்த மோட்டார் நூலிலும் கண்டதில்லை. தோட்டத்து ஜீப் பந்தய வண்டியன்று. நோயாளி, கர்ப்பிணி, தள்ளாத கிழவி, பள்ளிப் பிள்ளை ஆகிய யாவரும் ஏறும் வண்டி அது. படி நான்கு அங்குலம் உயர்ந்தால் சாரதிக்கு ஒன்றுமில்லை. இடுப்பு நோவுடன் நிற்கும் பெண்ணுக்கு அதுவே மலை.

டயரின் அகலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அகன்ற டயர் மணலிலே மிதக்கும். அது கடற்கரைக்கு ஏற்றது. ஊவாவிலோ மழைக்காலத்தில் மேலே வழுக்கும் செம்மண்ணும் அடியிலே கெட்டியான கல்லும் இருக்கின்றன. குறுகிய டயர் சேற்றை அறுத்துக்கொண்டு இறங்கி அக்கல்லைப் பற்றும். குறுகிய பாதையில் அகன்ற டயர் பள்ளத்து விளிம்பை நெருங்கும் என்பதும் மறக்கத்தக்கதன்று. எனவே உயர்ந்த, ஆனால் ஒடுங்கிய டயரே இங்கு உகந்தது. டயரின் முகத்திலே சேற்றைக் கக்கும் ஆழமான வெட்டுகள் இருக்க வேண்டும். ஜூலை தொடக்கம் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் ஊட்டும் வறண்ட காற்று வீசும் நாட்களில் எந்த டயரும் ஓடும். ஒக்டோபர் மழை இறங்கியதும்தான் டயருக்குப் பரீட்சை.

ஆகவே வண்டியை உயர்த்த விரும்புவோர் இந்த ஒழுங்கைக் கைக்கொள்வது நலம். முதலிலே தாம் நாள்தோறும் செல்லும் பாதையை நடந்து பார்த்து, நடு மேட்டின் உயரத்தை அளக்கட்டும். அதைத் தாண்டப் போதுமான மிகச் சிறிய டயரைத் தெரியட்டும். அந்த டயர், ஸ்டியரிங்கை முழுதும் திருப்பினும், ஸ்பிரிங் முழுதும் அமுங்கினும், எங்கும் உரசாமலிருக்க எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு மட்டுமே ஸ்பிரிங்கை உயர்த்தட்டும். ஊவாத் தோட்டப் பாதைகளுக்குப் பெரும்பாலும் 30 அங்குலத்தை ஒட்டிய டயரும், இரண்டு அங்குலத்துக்கு மேற்படாத உயர்வும் போதுமென்பது எமது துணிபு. அமைப்பை மாற்றுமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் விதிகளைக் கேட்டறிவதும், படியின் கீழே இன்னொரு படி பொருத்துவதும் கடமை. விரலுக்கேற்ற வீக்கம் என்று நம் முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

எத்துணை உயர்ந்த வண்டியாயினும் மலையோடு மல்லுக்கட்ட முடியாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையிலே மலை சரிந்து லயங்களையே மூடியதை ஊவா மக்கள் மறக்கவில்லை. 2021 மார்ச்சிலே பசறைக்கு அருகே பேருந்தொன்று பள்ளத்தில் வீழ்ந்து பலர் மாண்டதும் நினைவில் நிற்கின்றது. மழை பொழியும் நாளிலே, மண்சரிவு எச்சரிக்கை வந்த பின்னரும், டயரின் பலத்தை நம்பிப் புறப்படுவது பேதைமை.

தோட்டப் பாதைகள் கல்லும் தாரும் கண்டு, வடிகால்கள் சீராகுமாயின் இவ்வுயர்த்தல்களுக்கே தேவையிராது. அந்நாள் வரும் வரை மலைத்தோட்டத்து மக்களின் உயிர் ஜீப்பின் நான்கு சக்கரங்களிலேதான் தங்கியிருக்கின்றது. அவற்றைத் தெரிவு செய்பவர் கடைக் கண்ணாடியில் மின்னும் டயரைப் பாராது, லயத்து வாசலிலே இரவில் வண்டிக்காகக் காத்து நிற்பவரை நினைந்து தெரிவாராக.